ஸ்டென்ட் வைத்தாயிற்று, பயம் மட்டும் போகவில்லை

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன. இதய சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது, டாக்டரும் நன்றாக இருப்பதாகச் சொல்கிறார், ஆனால் பயம் ஆளை விடவில்லை. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டேன். நான் டாக்டர் அல்ல. இதய சிகிச்சைப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்று, காரைக்குடியில் இருக்கும் செவிலியர். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும் உங்கள் டாக்டரின் பொறுப்பு. சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபின் எப்படி இருப்பது என்பதைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

கேள்வி: சிஸ்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 61. காரைக்குடியில் இரும்புக்கடை நடத்துகிறேன். குடியிருப்பது பள்ளத்தூரில், எங்கள் ஐயா கட்டிய வீட்டில். இரண்டு மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து, மதுரையில் மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோபிளாஸ்டி செய்து, அதாவது அடைத்த ரத்தக்குழாயை பலூனால் திறந்து, ஒரு ஸ்டென்ட் (உலோகவலை) வைத்தார்கள். மருத்துவமனையில் இருந்த நாட்களில் தைரியமாகத்தான் இருந்தேன். வீட்டுக்கு வந்தபின் தினமும் இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொள்கிறேன். நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல் நுனி மரத்துப்போகிறது. உடனே பி.பி. பார்ப்பேன், விரலில் ஆக்சிமீட்டர் மாட்டுவேன், திரும்பத் திரும்ப மாட்டுவேன். இரண்டு முறை நடுநிசியில் டிரைவரை எழுப்பி மதுரைக்கே போய்விட்டோம். இ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தன. "பயப்படாதீர்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சிங்கப்பூரிலிருந்து மகனும் தினமும் போனில் அதையேதான் சொல்கிறான். மாடிப்படி ஏறுவதில்லை, கடைக்குப் போவதில்லை. இவ்வளவு பெரிய வீட்டில் நானும் என் மனைவியும் மட்டும்தான். மாத்திரைச் சீட்டின் நகலை இணைத்திருக்கிறேன்.
– பெயர் வேண்டாம், பள்ளத்தூர்

பதில்: ஐயா, "பயப்படாதீர்கள்" என்று நான் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்லிச் சொல்லித்தான் உங்களைத் தனியே விட்டிருக்கிறார்கள்.

மருத்துவமனையில் உங்களுக்கு ஏன் தைரியம் இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். தலைமாட்டில் மானிட்டர் ஓடியது. ஒரு துடிப்பு மாறினால் எங்களில் ஒருத்தி ஓடி வருவாள். வீட்டுக்கு வந்த அன்று அந்த வயர்களைக் கழற்றிவிட்டார்கள்; மானிட்டர் பார்த்த வேலையை உங்கள் மனம் எடுத்துக்கொண்டுவிட்டது. பகலில் பேச்சும் சத்தமும் இருப்பதால் அது கொஞ்சம் அடங்கியிருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு, ஆள் அரவமில்லாத வளவில் (முற்றத்தைச் சுற்றிய உள்வீட்டில்), உங்கள் நெஞ்சுத் துடிப்பைத் தவிரக் கேட்பதற்கு வேறொன்றும் இல்லை. ஒருமுறை சாவின் வாசல்வரை போய் வந்த உடம்பு இப்படிக் காவல் இருப்பது இயல்பானது. அது கோழைத்தனம் இல்லை. இரும்புக்கடையில் ஆயிரம் பேரைச் சமாளித்தவருக்கும் வரும்.

அந்த நேரத்தில் உடம்புக்குள் நடப்பது இதுதான். பயத்தில் அட்ரினலின் சுரக்கிறது, துடிப்பு கூடுகிறது. மூச்சு போதவில்லை என்று எண்ணி வேகவேகமாக இழுக்கிறீர்கள். அப்படி இழுக்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போவதும், தலை லேசாவதும், நெஞ்சு இறுகுவதும் அதனால்தான். அதை மாரடைப்பு என்று நினைத்து மேலும் பயப்படுகிறீர்கள். இந்த அலை பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானே இறங்கும்.

இனி உங்கள் மாத்திரைச் சீட்டு. அதில் டிகாக்ரெலார் என்ற மாத்திரை இருக்கிறது. ஸ்டென்ட்டில் ரத்தம் உறையாமல் காப்பது அதுதான். அதைச் சாப்பிடுபவர்களில் சிலருக்கு, சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் படுத்திருக்கும்போதும்கூட, மூச்சு போதாததுபோலத் தோன்றும். இது அந்த மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவு. உங்கள் மூச்சு முட்டலில் ஒரு பங்கு இதனால் இருக்கலாம். அடுத்த முறை டாக்டரிடம் "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லாமல், "டிகாக்ரெலார் ஆரம்பித்ததிலிருந்து இப்படி மூச்சு முட்டுகிறது" என்று சொல்லுங்கள். மற்றக் காரணங்களைச் சோதித்துவிட்டு, தேவைப்பட்டால் அவர் வேறு மாத்திரைக்கு மாற்றுவார். நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட் வைத்த முதல் மாதங்களில் அந்த மாத்திரையை விடுவதுதான் உண்மையான ஆபத்து. பல் பிடுங்க வேண்டுமென்றாலும் இதய டாக்டரைக் கேட்டுவிட்டே பல் டாக்டரிடம் உட்காருங்கள். மெட்டோப்ரோலால் என்ற இன்னொரு மாத்திரையும் இருக்கிறது. அது சிலருக்கு அசதியையும், தூக்கத்தைக் கலைக்கிற மாதிரியான கனவுகளையும் தரும். அதையும் சொல்லுங்கள்.

தும்மினால் ஸ்டென்ட் நகர்ந்துவிடுமோ, படி ஏறினால் கழன்றுவிடுமோ என்ற சந்தேகம் உங்கள் கடிதத்தில் இல்லை; ஆனால் மாடி ஏறுவதில்லை என்பதிலிருந்து ஊகிக்கிறேன். நகராது. பலூனை விரித்து, ரத்தக்குழாயின் சுவரோடு சேர்த்து அழுத்திப் பதித்த உலோகவலை அது. சில மாதங்களில் அதன்மேல் குழாயின் உள்தோல் வளர்ந்து மூடிவிடும். 1977 செப்டம்பர் 16-ஆம் தேதி, சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்ற டாக்டர் முதன்முதலாக ஒருவரின் இதய ரத்தக்குழாயை பலூன் வைத்துத் திறந்தார். அந்த நோயாளிக்கு வயது 38. அப்போது ஸ்டென்ட்டே கிடையாது, வெறும் பலூன்தான். பத்து ஆண்டு கழித்துப் படம் எடுத்துப் பார்த்தபோதும் அந்த இடம் திறந்தே இருந்தது. வார்டில் பயந்து கிடப்பவர்களிடம் இதைத்தான் நான் சொல்வது வழக்கம்.

இப்போது நான் மிக முக்கியமாக நினைப்பது. இரவு இரண்டு மணிக்கு முடிவெடுக்கிற நிலையில் உங்களை நீங்கள் வைத்துக்கொள்ளாதீர்கள். முடிவைப் பகலில் எடுத்துவிடுங்கள். நாளைக் காலை காப்பி குடித்துவிட்டு, நீங்களும் உங்கள் மனைவியும் முற்றத்து ஓரமாக உட்கார்ந்து ஒரு வெள்ளைத்தாளில் எழுதுங்கள். எழுதியதை அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் காட்டித் திருத்தி வாங்கிக்கொள்ளுங்கள்.

தாளில் முதலில், எது வந்தால் போக வேண்டும் என்பது. நெஞ்சின் நடுவில் பாரம் வைத்து அழுத்துவதுபோன்ற வலி, அது தாடைக்கோ இடது கைக்கோ முதுகுக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, வாந்தி வருவதுபோன்ற உணர்வு, மயக்கம். உங்களுக்கு முதல் தடவை வலி எப்படி வந்ததோ, அதே மாதிரி வந்தால் அதுவே போதுமான காரணம். ஒற்றை விரலால் தொட்டுக் காட்டக்கூடிய, சில நொடியே குத்திவிட்டுப் போகிற, அழுத்தினால் கூடுகிற வலி பெரும்பாலும் தசையைச் சேர்ந்தது. பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறல் மட்டும்கூட வரலாம். சந்தேகம் தீரவில்லை என்றால் போய்விடுங்கள். போய் ஒன்றுமில்லை என்று திரும்பி வருவதில் வெட்கப்பட எதுவும் கிடையாது.

அடுத்து, என்ன செய்வது என்பது. உட்கார வேண்டும். சார்பிட்ரேட் மாதிரி நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை கொடுத்திருந்தால், டாக்டர் சொன்ன அளவில், உட்கார்ந்தபடியே வைத்துக்கொள்ள வேண்டும். நின்றுகொண்டு வைத்தால் பி.பி. இறங்கி விழுந்துவிடுவீர்கள். ஆண்மைக்கான மாத்திரை எதையாவது சாப்பிட்டிருந்தால் இதை வைக்கக் கூடாது. ஐந்து நிமிடத்தில் குறையவில்லை என்றால் 108. டிரைவரை எழுப்ப வேண்டாம், மதுரை வேண்டாம். நடுராத்திரியில் திருப்பத்தூர், மேலூர் தாண்டி 90 கிலோமீட்டர் போவது உங்களுக்கு ஆறுதலாக இருக்கிறது, புரிகிறது. ஆனால் உண்மையில் மாரடைப்பாக இருந்தால் அந்த ஒன்றரை மணி நேரம்தான் இதயத்தைக் கெடுக்கும். காரைக்குடியிலேயே இ.சி.ஜி. எடுத்து முதல் மருந்தைக் கொடுத்துவிடுவார்கள்; அங்கிருந்து அனுப்ப வேண்டுமா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில்கூட, நெஞ்சுவலியோடு வருபவருக்கு முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டம் 2023 முதல் நடக்கிறது.

அப்புறம் வீடு. வெளியூர்க்காரர்களுக்கு இது தோன்றாது, உங்களுக்கும் எனக்கும் தெரியும். நம் பக்கத்து வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும். 108-இல் எந்தத் தெருப் பெயரைச் சொல்வது என்று இப்போதே முடிவு செய்து தாளில் எழுதுங்கள். அருகில் உள்ள அடையாளத்தையும் எழுதுங்கள். முகப்புக் கதவின் தாழ்ப்பாளை உங்கள் மனைவியால் ஒற்றை ஆளாகத் தள்ள முடியுமா என்று பகலில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். முடியாது என்றால் ஆசாரியைக் கூப்பிட்டு எண்ணெய் போடச் சொல்லுங்கள், அல்லது இரவில் சின்னத் தாழ்ப்பாள் மட்டும் போடுங்கள். சாவி எங்கே தொங்கும், திண்ணை விளக்கின் சுவிட்ச் எது, பக்கத்து வீட்டில் யாருக்குப் போன் செய்வது, இவை மூன்றும் தாளில் இருக்கட்டும். இரண்டாம் கட்டின் உள்ளறையில் படுக்கிறீர்கள் என்றால், கொஞ்ச நாளைக்குப் படுக்கையை முன்பக்கத்து அறைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஸ்ட்ரெச்சர் வர வழி இருக்கிறது என்று தெரிந்தாலே உங்கள் மனைவிக்குத் தூக்கம் வரும்.

இப்படி எழுதி ஒட்டியபின், இரவில் விழிப்பு வந்தால் தாளைப் பாருங்கள். அதில் எழுதியது எதுவும் இல்லையென்றால், வந்திருப்பது அந்த அலை. கட்டிலில் கிடக்காதீர்கள். எழுந்து உட்கார்ந்து, வெறுங்காலை, தரையில் பதித்த பூப்போட்ட ஆத்தங்குடிக் கல்லில் நன்றாக ஊன்றுங்கள். அந்தக் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறுவதைக் கவனியுங்கள். வயிற்றில் கையை வைத்து, நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். விடுவது நீளமாக இருக்க வேண்டும், அதுதான் துடிப்பை இறக்கும். தரையில் இருக்கும் பூவின் இதழ்களை எண்ணுங்கள், தூணின் கடைசலைப் பாருங்கள். கண் வெளியே போனால் காது நெஞ்சை விட்டு நகரும். இதைப் பகலில் இரண்டு வேளை பழகினால்தான் இரவில் கைகொடுக்கும்.

ஆக்சிமீட்டரையும் பி.பி. மெஷினையும் பெட்டகத்தில் வைத்துப் பூட்டச் சொல்கிறேன். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்தபின் பி.பி. பார்த்து நோட்டில் எழுதுங்கள். டாக்டர் கேட்கும் கணக்கு அதுதான். பயந்த நேரத்தில் பார்த்தால் பி.பி. கூடுதலாகத்தான் காட்டும், காட்டியதைப் பார்த்து இன்னும் கூடும்.

நடையை விட்டால் இந்தப் பயத்துக்கு மருந்து பாதிதான். டாக்டர் தடை சொல்லவில்லை என்றால், முற்றத்தைச் சுற்றி வளவிலேயே ஐந்து, பத்து நிமிடம், காலையும் மாலையும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். ஒரு வாரம் கழித்துத் தெருவுக்கு வாருங்கள், பிறகு ஊருணிக் கரைக்கு. மெல்ல மெல்ல அரை மணி நேரம் ஆகட்டும். நடக்கும்போது துடிப்பு கூடும், வியர்க்கும். கூட வேண்டியதுதான், இதயம் வேலை செய்கிறது. அந்தக் கூடுதலும் உட்கார்ந்தால் இறங்கிவிடுவதும் உடம்புக்குத் தினமும் பழகினால், இரவுப் படபடப்பைக் கண்டு மிரளாது. நடையில் நெஞ்சு பாரம் வந்தால் மட்டும் நின்றுவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். "எனக்கு ஒன்றுமில்லையே?" என்று அவரிடம் கேட்பதைவிட, "நான் எவ்வளவு தூரம் நடக்கலாம், எப்போது கடைக்குப் போகலாம், டிரெட்மில் பரிசோதனை செய்யலாமா?" என்று கேட்பது நல்லது. டாக்டர் முன்னிலையில் டிரெட்மில்லில் நடந்து முடித்தவர்களுக்கு வருகிற தைரியம், வாயால் சொல்லி வராது. கடைக்கு முதலில் ஒரு மணி நேரம் போங்கள். கல்லாவில் உட்காருங்கள், கம்பியைத் தூக்க வேண்டாம்.

கடிதத்தில் எழுதத் தயங்குகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல வீடுகளில் கணவன் மனைவி இதற்காகவே தனித்தனி அறைக்குப் போய்விடுகிறார்கள். இரண்டு மாடி தொடர்ந்து ஏறி, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இல்லாமல் இருக்க முடிந்தால், தாம்பத்தியத்துக்கும் இதயம் தயாராக இருக்கிறது என்றுதான் டாக்டர்கள் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள்.

தூக்கத்துக்காக மருந்துக்கடையில் அல்பிரசோலாம் வாங்கிப் போடாதீர்கள். பழகிவிட்டால் விடுவது கடினம், இரவில் எழுந்து விழுந்தால் ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடும் உங்களுக்குக் காயம் பெரிதாகும். இவ்வளவும் செய்து ஒரு மாதத்தில் பயம் குறையவில்லை என்றால் மனநல டாக்டரைப் பாருங்கள். எண்ணங்களைப் பிடித்துத் திருத்தப் பழக்கும் பேச்சு சிகிச்சை இருக்கிறது. தேவைப்பட்டால் இதய நோயாளிகளுக்கு ஏற்ற மாத்திரைகளும் உண்டு. ஆனால் அந்த வகை மாத்திரைகளில் சில, ரத்தக்கசிவைக் கொஞ்சம் கூட்டும். எனவே ஸ்டென்ட் மாத்திரைகளின் சீட்டை மறக்காமல் காட்டுங்கள். வெளியே போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416-க்குப் போன் செய்யுங்கள். 2022-இல் தொடங்கிய அரசின் மனநல சேவை. கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

உங்கள் மகனிடமும் ஒன்று சொல்லுங்கள். இனிமேல் "பயப்படாதீங்க அப்பச்சி" என்பதற்குப் பதிலாக, "இன்றைக்கு எவ்வளவு தூரம் நடந்தீர்கள்?" என்று கேட்கட்டும்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 64. பைபாஸ் ஆகி ஐந்து வாரம் ஆகிறது. அவர் நன்றாகத்தான் இருக்கிறார். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. இரவெல்லாம் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே கையை வைத்துப் பார்க்கிறேன். சில சமயம் குறட்டை நின்று மூச்சே இல்லாததுபோல இருந்து, பிறகு திடுக்கென்று வருகிறது. அவரை ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை என்று என்மேல் எரிந்து விழுகிறார்.
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, உங்கள் கடிதத்தில் எல்லோரும் படித்துவிட்டுக் கடந்துபோகிற ஒரு வரி இருக்கிறது, அதை முதலில் எடுக்கிறேன். குறட்டை நின்று, மூச்சும் நின்று, பிறகு திடுக்கென்று வருவது உங்கள் பிரமை இல்லாமல் இருக்கலாம். தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் ஒன்று உண்டு. இதய நோயாளிகளிடம் அதிகம் காணப்படுவது, பி.பி.யைக் கூட்டுவது, சிகிச்சை உள்ளது. அவர் தூங்கும்போது உங்கள் செல்போனில் சிறிது நேரம் பதிவு செய்து, அடுத்த பரிசோதனையில் டாக்டரிடம் காட்டுங்கள். பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிழுகிறாரா என்பதையும் கவனித்துச் சொல்லுங்கள். இத்தனை நாள் நீங்கள் விழித்திருந்ததற்கு அந்தப் பயன் கிடைக்கட்டும்.

நோயாளியைவிட வீட்டுக்காரிக்குப் பதற்றம் அதிகமாக இருப்பதை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். நோயாளிக்கு டாக்டர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார், பழம் வாங்கி வருகிற சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். உங்களிடம் ஒருவரும் "நீ சாப்பிட்டாயா?" என்று கேட்டிருக்க மாட்டார்கள். வாரத்தில் சில இரவாவது உங்கள் தங்கையோ மகளோ நம்பகமான ஆளோ அவர் பக்கத்தில் படுக்கட்டும். நீங்கள் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள்.

அவரை எதுவும் செய்ய விடாமல் உட்காரவைப்பது அவருக்கு நல்லதல்ல. நெஞ்சு எலும்பை அறுத்துக் கம்பியால் சேர்த்திருக்கிறார்கள். அது கூட ஏறத்தாழ 8 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை கனமான பொருளைத் தூக்கக் கூடாது, குடத்தையும் சாமான் பையையும் அவர் தொட வேண்டாம். கையை ஊன்றி எழக் கூடாது, டாக்டர் சொல்லும்வரை இருசக்கர வாகனம் கூடாது. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமட்டும். காயத்தில் சீழ், காய்ச்சல், எலும்பு 'கடக்' என்று நகர்வது, கால் திடீரென வீங்குவது, இவை தெரிந்தால் உடனே மருத்துவமனை. இவ்வளவுதான் தடை. நடப்பது, தானே குளிப்பது, காய் நறுக்குவது, வரவு செலவு எழுதுவது, வங்கிக்குக் கூடப்போய் வருவது எல்லாம் அவருடைய வேலைகள். அவரிடம் திருப்பிக் கொடுங்கள். எரிந்து விழுவது குறையும்.

நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முதலுதவியை நீங்கள் நேரில் பழகிக்கொள்ள வேண்டும் என்றும் விரும்புகிறேன். ஆள் நினைவின்றி, மூச்சின்றிக் கிடந்தால் 108-க்குச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். பைபாஸ் ஆனவர் என்று தயங்கக் கூடாது. இதைக் கற்றுக்கொண்ட பெண்கள் இரவில் நன்றாகத் தூங்குவதாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கைக்கு ஒரு வேலை தெரிந்துவிட்டால் மனம் வீணாகப் பறக்காது.

கேள்வி: எனக்கு 57 வயது. ஸ்டென்ட் வைத்து நான்கு மாதம் ஆகிறது. பயம் என்று சொல்ல முடியாது. எதிலும் பிடிப்பில்லை. காலையில் எழுந்திருக்கவே மனம் வருவதில்லை, சமைக்கப் போனால் அழுகை வருகிறது. பேரன் வந்து கூப்பிட்டாலும் பேசத் தோன்றவில்லை. கோயிலுக்குப் போய் வந்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். பிள்ளையார்பட்டிக்கும் போய் வந்துவிட்டேன்.
– ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: கோயிலுக்குப் போனது நல்லது, தொடர்ந்து போங்கள். ஆனால் இது மனச்சோர்வு நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். இதற்குத் தனி வைத்தியம் வேண்டும். மாரடைப்பு வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது. கவனிக்காமல் விட்டால் மாத்திரையை மறப்பார்கள், நடப்பதை விடுவார்கள், அதனால் இதயமும் கெடும். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தாலே டாக்டரிடம் சொல்ல வேண்டும். உங்களுக்கு அதைவிட அதிகமாகவே ஆகிவிட்டதுபோலத் தெரிகிறது. இந்த வாரமே போங்கள். தைராய்டும் ரத்தசோகையும் இருக்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்லுங்கள், அவையும் இப்படிச் செய்யும்.

நேராகவே கேட்கிறேன், அம்மா: இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறதா? வந்தால் அதை இன்றே மகளிடமோ மருமகளிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள், 14416-க்குப் போன் செய்யுங்கள். தனியாக இருக்காதீர்கள். இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்கள் வீட்டார் யாராவது இருந்தால், அவரைத் தனியே விடாதீர்கள்.

இன்னொன்று. நம் வீட்டுப் பெண்களுக்கு நெஞ்சில் ஏதாவது என்றால், "வாயுத் தொல்லை, ஓமத் தண்ணீர் குடி" என்று சொல்வது வழக்கமாக இருக்கிறது. எனக்குக் கோபம் வருகிற விஷயம் அது. பெண்களுக்கு மாரடைப்பு தாடை வலியாக, முதுகு வலியாக, மூச்சிறைப்பாக, காரணமில்லாத அசதியாக வரலாம். ஸ்டென்ட் வைத்த உங்களுக்குப் புதிதாக இப்படி ஏதாவது வந்தால், வீட்டில் யார் என்ன சொன்னாலும் இ.சி.ஜி. எடுங்கள்.

கேள்வி: நெய் ஒரு சொட்டு பட்டாலே ரத்தக்குழாய் அடைத்துவிடும் என்று பயந்து, மூன்று மாதமாக இட்லியும் மோரும் மட்டும் சாப்பிடுகிறேன். 8 கிலோ குறைந்துவிட்டேன். அடுத்த மாதம் எங்கள் வீட்டில் சாந்திக் கல்யாண விருந்து. என்ன செய்வது?
– வாசகர், கோட்டையூர்

பதில்: சாந்தி விருந்தில் இலையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஒரு நாள் விருந்து அடைப்பதில்லை. ஆண்டுக்கணக்கான பழக்கம்தான் அடைக்கிறது. ஒரு வெள்ளைப் பணியாரம், ஒரு கை கவுனி அரிசி இனிப்பு, சர்க்கரை நோய் இருந்தால் கவுனியில் பாதி. நீங்கள் பயப்பட வேண்டியது உப்புக்கு. உப்புக்கண்டம், வற்றல், ஊறுகாய், அப்பளம் நம் சாப்பாட்டில் சத்தமில்லாமல் வந்து சேர்ந்துவிடும். ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம் உப்புக்குள் இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. பருப்பு, காய், மீன், தோல் நீக்கிய கோழி இவற்றைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். 8 கிலோ குறைந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு 49 வயது. ஐந்து மாதத்துக்கு முன் மாரடைப்பு, ஒரு ஸ்டென்ட். சர்க்கரையும் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தைப்பூசத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடந்து போகிறோம். இந்த ஆண்டு போகாவிட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. போனால் வழியில் ஏதாவது ஆகிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.
– வாசகர், நாச்சியாபுரம்

பதில்: தம்பி, இந்த ஆண்டு முழுத்தூரம் வேண்டாம் என்பதே என் கருத்து. மாரடைப்பு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று நாள்கணக்கில் வெறுங்காலோடு வெயிலில் போகிற நடை அது. சர்க்கரை உள்ள காலில் கொப்புளம் வந்தால் உணர்ச்சி தெரியாது, ஆறாது. தண்ணீர் குறைந்தாலும் தூக்கம் குறைந்தாலும் பி.பி. மாத்திரை சாப்பிடுபவருக்குத் தலைசுற்றும்.

ஆனால் ஒரேயடியாக விட்டுவிடவும் சொல்ல மாட்டேன். காவடியை இந்த ஆண்டு உங்கள் தம்பியோ மகனோ எடுக்கட்டும். நீங்கள் இதய டாக்டரிடம் இப்போதே போய், டிரெட்மில் பரிசோதனை செய்யலாமா என்று கேளுங்கள். அவர் சரி என்றால், தினமும் கொஞ்சமாக நடையைக் கூட்டி வாருங்கள். காவடிகள் கூடுகிற குன்றக்குடியில் போய்ச் சேர்ந்துகொண்டு, டாக்டர் அனுமதித்த தூரம் எதுவோ அதுவரை கூட நடந்துவிட்டு, அதற்குமேல் காரில் பழனிக்குப் போய்ச் சேருங்கள். மெல்லிய காலணி போட்டுக்கொள்ளுங்கள், விரதம் என்று மாத்திரையையும் சாப்பாட்டையும் தள்ளாதீர்கள். இரவு தங்கும் இடத்தில் பாதங்களை வேறொருவர் விளக்கைப் பிடித்துப் பார்த்துச் சொல்லட்டும். மாத்திரைகளைச் சாமான் வண்டியில் போட்டுவிடாதீர்கள், வண்டி முன்னால் போய்விடும். ஸ்டென்ட் மாத்திரைகளும் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையும் டிஸ்சார்ஜ் சீட்டின் நகலும் உங்கள் இடுப்புப் பையிலேயே இருக்க வேண்டும். கூட நடப்பவர் ஒருவருக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.